மாலை ஆறரைக்குப் பிறகு ஒரு பூந்தோட்டம்

வாசகர் கேள்வி: நான் ஹட்டன் நகரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டால் திரும்பி வர மாலை ஆறரை ஆகிவிடுகிறது. மஸ்கெலியாவுக்கு அருகே 7 பேர்ச் காணியில் கட்டித் தந்த தனி வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. முன்வாசலில் ரோஜாவும் சிவப்புக் கல்வாழையும் வைத்திருக்கிறோம். அவற்றை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் பார்க்கிறேன். அம்மா 34 வருடம் கொழுந்து பறித்தவர், இப்போது கண்புரையால் பார்வை மங்கியிருக்கிறது. மாலையில் நாங்கள் இருவரும் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்காருவோம். யாத்திரை சீசன் காலத்தில் சிவனொளிபாதமலைப் படிக்கட்டு விளக்குகள் அங்கிருந்து தெரியும். அந்த நேரத்தில் அனுபவிக்கக்கூடிய பூந்தோட்டம் ஒன்றை எப்படி அமைப்பது? கண்டியிலிருந்து வாங்கி வந்த மல்லிகை பூக்கவே இல்லை. இரவுராணி வைக்கலாம் என்றால் பாம்பு வரும் என்று பக்கத்து வீட்டார் தடுக்கிறார்கள். அக்காவின் நான்கு வயது மகனும் எங்களோடு இருக்கிறான்.
— வாசகி, மஸ்கெலியா

அன்புச் சகோதரிக்கு,

இலங்கை மலையகத்தில் 'தோட்டம்' என்று சொன்னாலே அது தேயிலைத் தோட்டத்தைத்தான் குறிக்கும். அந்தத் தோட்டத்தில் வெயிலிலும் மழையிலும் 34 வருடம் நின்ற ஒரு தாய், வேலை ஓய்ந்த பிறகு அமர்ந்து அனுபவிப்பதற்குத் தன் வாசலிலேயே ஒரு பூந்தோட்டம் வேண்டும் என்று மகள் கேட்பதை நான் சிறிய கேள்வியாக எண்ணவில்லை. ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் கன்றுகளின் பெயர்ப் பட்டியலைத்தான் எதிர்பார்ப்பார்கள். நான் முதலில் உங்கள் நாற்காலியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பகலில் ஒருவர் தோட்டத்தைச் சுற்றி நடந்து பார்ப்பார். இருட்டிய பிறகு ஓரிடத்தில் அமர்ந்துவிடுவார். அவர் அமரும் இடத்திலிருந்து பத்தடிக்குள் இருப்பதே கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டும். 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு, பாதை, மரக்கறிப் பாத்தி எல்லாம் போக மிஞ்சும் நிலம் முழுவதையும் பூச்செடிகளால் நிரப்ப வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. இஸ்தோப்பின் விளிம்பிலிருந்து பத்தடி, அதுவும் மலை விளக்குகள் தெரியும் திசையை மறைக்காத பத்தடி, உங்கள் தோட்டத்துக்குத் தாராளமாகப் போதும்.

அடுத்தது வெளிச்சம். நம் நாடு வட அகலக்கோடு 7 பாகையை ஒட்டி இருப்பதால் இங்கே அந்தி மிகக் குறுகியது. சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் இருள் மூடிவிடும். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. ஜூலையில் ஆறரை வரை வெளிச்சம் இருந்தாலும் அது உங்கள் பக்கத்தில் மழையும் மூடுபனியும் நிற்கும் மாதம். ஆகவே நீங்கள் பேருந்தை விட்டு இறங்கி வாசலுக்கு வரும் நேரம் பெரும்பாலும் இருட்டிய நேரமே. சிவப்புக் கல்வாழையும் சிவப்பு ரோஜாவும் உங்களுக்குப் பயன்படாமல் போனதற்கு இதுவே காரணம். வெளிச்சம் குறையக் குறைய நமது கண் சிவப்பைக் காணும் திறனை முதலில் இழந்து, நீலமும் பச்சையும் சார்ந்த நிறங்களைக் கூடுதலாக உணரத் தொடங்குகிறது. செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: அடுத்த ஞாயிறு மாலையில் ஒரு சிவப்பு ரோஜாவுக்கு எதிரே அமர்ந்து பாருங்கள். பகலில் இலையை விடப் பளிச்சென்று இருந்த பூ, பொழுது சாயும்போது இலையை விடக் கறுத்துப் போவதைக் காண்பீர்கள். வெள்ளை, வெளிர்மஞ்சள், வெளிர்நீலம் ஆகிய மூன்றும் கடைசி வரை நிற்கும். ரோஜாவைப் பிடுங்க வேண்டாம். அதைப் பக்கவாட்டுக்கு மாற்றிவிட்டு, நாற்காலிக்கு நேரெதிரே வெள்ளைக்கு இடம் கொடுங்கள்.

உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை வெள்ளையும் இரண்டாவதுதான், வாசனையே முதன்மை. இந்த இடத்தில் சமவெளிக்காரர்கள் எழுதும் தோட்டக்கலைக் குறிப்புகள் நமக்கு அதிகம் உதவுவதில்லை, ஏனென்றால் மலைச்சரிவில் இரவுக் காற்று வேறு விதமாக நடந்துகொள்கிறது. பொழுது சாய்ந்ததும் மண்ணும் செடியும் வெப்பத்தை இழக்கின்றன. அவற்றைத் தொட்டு நிற்கும் காற்றும் குளிர்ந்து கனத்து, கானில் (வடிகாலில்) தண்ணீர் இறங்குவது போலச் சரிவு வழியே மெதுவாகக் கீழே இறங்குகிறது. பகலில் வெயில் பட்ட சரிவில் காற்று மேலே ஏறும். இரவில் கீழே இறங்கும். எனவே இரவு வாசனைச் செடியை உட்காரும் இடத்துக்கு மேற்பக்கத்தில் நட வேண்டும். இதை நான் ஒரு தவறின் மூலமே கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன்பு ஒரு பங்களாவில், உட்காரும் மேடைக்கு முன்னே, ஒரு படி கீழே, அழகாகத் தெரியட்டும் என்று வாசனைச் செடிகளை வரிசையாக நட்டுக் கொடுத்தேன். செடிகள் செழித்துப் பூத்தன, மேடையில் அமர்ந்தவர்களுக்கோ ஒன்றும் மணக்கவில்லை. கீழே இருந்த லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) ஒரு நாள் இரவு போனபோது அந்த வாசனை முழுவதும் அங்கே நிற்பதைக் கண்டேன். லயத்து மக்களுக்கு அது கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் செடிக்குக் குழி வெட்டுவதற்கு முன்பு ஊதுபத்தி ஏற்றிப் பார்க்காமல் இருந்ததில்லை.

நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். காற்றில்லாத ஒரு மாலையில், ஏழு மணியளவில், நாற்காலி இருக்கும் இடத்தில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஓர் ஊதுபத்தியைப் பொருத்தி, டோர்ச் வெளிச்சத்தில் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். மூன்று, நான்கு இரவுகள் பார்த்தால் ஒரு திசை உறுதிப்படும். புகை எங்கிருந்து விலகிச் செல்கிறதோ அந்தப் பக்கமே வாசனைச் செடிக்கு உரிய பக்கம். மழைக்காலத்துப் பலத்த காற்றில் இந்தக் கணக்குப் பொருந்தாது. அக்காலத்தில் எவரும் வெளியே அமரப் போவதுமில்லை.

மேற்பக்கம் என்றவுடன் வீட்டின் பின்னால் வெட்டிய மண்மேட்டில் ஏறி நட்டுவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். சரிவை வெட்டிச் சமன் செய்த இடங்களில் அந்த மேட்டின் அடிவாரத்தைத் தோண்டுவதும், அதன் மேல் தண்ணீர் தேங்கும்படி பாத்தி கட்டுவதும் ஆபத்தானவை. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்ததை நம்மில் எவரும் மறக்கவில்லை. மேட்டின் மேலுள்ள கானை அடைபடாமல் வைத்திருங்கள், புல்லை வேரோடு பிடுங்காமல் வெட்டி மட்டும் விடுங்கள், மேட்டில் விரிசலோ புதிதாக ஊறும் தண்ணீரோ கண்டால் தோட்ட வேலையை நிறுத்திவிட்டு கிராம உத்தியோகத்தரிடம் தெரிவியுங்கள். வாசனைச் செடியை வீட்டின் பக்கவாட்டில், நாற்காலியை விட ஓரடி, இரண்டடி உயர்ந்த இடத்தில் வைத்தாலே போதுமானது.

இனி மல்லிகை. கண்டி நகரம் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் வாசல் ஏறத்தாழ 1,200 மீற்றர். நூறு மீற்றர் ஏறினால் வெப்பம் சராசரியாக 0.65 பாகை குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே கண்டியின் வெப்பத்துக்குப் பழகிய கன்று உங்களிடம் வந்து நாலைந்து பாகை கூடுதல் குளிரில் நிற்கிறது. குண்டு மல்லிகைக்கு வெயிலும் இரவு வெதுவெதுப்பும் சேர்ந்தால்தான் அரும்பு வரும். மலைக் குளிரில் அது இலையை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். கன்றில் குறை ஒன்றும் இல்லை. பிற்பகல் வெயில் விழும் சுவர் ஓரமாக அதை மாற்றுங்கள். பகலில் சூடேறிய சுவர் இரவில் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சனவரி கடைசியில் பழைய கிளைகளைக் கவ்வாத்துச் செய்து எரு போட்டால், மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஓரளவு பூக்கும். மதுரையில் பூப்பது போல் பூக்கும் என்று நான் உறுதியளிக்க மாட்டேன்.

மலைநாட்டு வாசலுக்கு மல்லிகையின் இடத்தில் நான் வைக்கச் சொல்வது காடினியா. அதன் இயல்பே நம் மண்ணுக்குப் பொருந்தியிருக்கிறது. மல்லிகைக்கு எந்தக் குளிர் தடையோ அந்தக் குளிர் காடினியாவுக்குத் தேவை; இரவுக் குளிர்ச்சி இருந்தால்தான் அது நன்றாக அரும்பு கட்டும். தேயிலைக்கு உகந்த புளிப்பு மண்ணே அதற்கும் உகந்தது. இருட்டிய பிறகும் தெரியும் பால் வெள்ளைப் பூ, மாலையில் கனத்து வரும் வாசனை, நாலைந்து அடிக்கு மேல் போகாத புதர், ஆண்டு முழுவதும் பளபளக்கும் இலை என்று உங்கள் தேவைகள் எல்லாவற்றுக்கும் அது பொருந்துகிறது. பூ மூன்றாம் நாளில் வெண்ணெய் நிறமாகிப் பழுக்கும்; அப்போதும் வாசனை இருக்கும், பறித்து ஒரு கோப்பைத் தண்ணீரில் மிதக்கவிட்டு அம்மாவின் கட்டிலருகே வைக்கலாம்.

ஆனால் உங்கள் வீடு புதிதாகக் கட்டிய வீடு என்பதால் ஓர் எச்சரிக்கை. கட்டட வேலையின்போது சிந்திய சீமெந்தும் சாந்தும் சுவரிலிருந்து இரண்டு, மூன்று அடி வரை மண்ணில் கலந்திருக்கும்; அந்தச் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பைப் போக்கிவிடும். அத்தகைய மண்ணில் நட்ட காடினியாவின் இளம் இலைகள், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகி வெளிறும். பார்ப்பவர்கள் பசளை போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் போடுவார்கள். உண்மையில் மண்ணிலுள்ள இரும்புச் சத்தைச் செடியால் எடுக்க முடியாத நிலை அது. எனவே சுவரோரத்தை மல்லிகைக்கு விட்டுவிட்டு, காடினியாவைச் சுவரிலிருந்து நான்கு அடியாவது தள்ளி நடுங்கள். சமன் செய்த காணியில் மேல்மண் போய், அடியிலுள்ள இறுகிய செம்மண்தான் மிஞ்சியிருக்கும். ஆகவே ஒன்றரை அடி ஆழமும் அகலமும் உள்ள குழி வெட்டி, மக்கிய இலை, பழைய மாட்டெரு, தேயிலை மலையின் ஓரத்து மேல்மண் ஆகியவற்றைக் கலந்து நிரப்புங்கள். தேயிலைக்குப் போட வைத்திருக்கும், மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைட்டை இதன் பக்கத்திலும் கொண்டுவர வேண்டாம். வீட்டில் மிஞ்சும் தேயிலைச் சக்கையை அடியில் பரப்பலாம், அது ஈரத்தையும் காக்கும். சனவரி முதல் மார்ச் வரை மண் காய விட்டால் அரும்புகள் விரியாமலே உதிர்ந்துவிடும். அந்த மூன்று மாதமும் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அம்மாவிடம் கொடுங்கள். பார்வை மங்கினாலும் ஈரத்தை விரலால் தொட்டே அறிந்துகொள்ளலாம்.

காடினியா ஆண்டு முழுவதும் பூக்காது. இடையிலுள்ள மாதங்களுக்கு அந்திமந்தாரை இருக்கிறது, அதைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். மாலை நான்கு மணியளவில் விரியத் தொடங்கி மறுநாள் காலை வரை நிற்கும் பூ அது. சிங்கள அயலவர்கள் ஹெந்திரிக்கா என்பார்கள், லயத்து வாசல்களில் இளஞ்சிவப்பு நிறத்தில் தானாகவே முளைத்து நிற்கும். வெள்ளையும் வெளிர்மஞ்சளும் பூக்கும் செடிகளைத் தேடி அவற்றின் விதையை மட்டும் எடுங்கள். மிளகு போன்ற அந்தக் கரிய விதையும் கிழங்கும் நச்சுத்தன்மை உள்ளவை. குழந்தை எடுத்து விளையாடாத இடத்தில் செடி இருக்கட்டும்.

நிலச்சம்பங்கியைப் பலர் கேட்பார்கள். உங்கள் பகுதியின் மே முதல் செப்டெம்பர் வரையான மழையில் அதன் கிழங்கு அழுகும், தப்பியதைக் காட்டுப்பன்றியோ முள்ளம்பன்றியோ தோண்டிவிடும். ஆசை இருந்தால் அடியில் துளையுள்ள பழைய வாளியில் நாலு கிழங்கு வைத்து, மழைக்காலத்தில் கூரைக்குள் இழுத்துவிடுங்கள். குளிர்காலப் பூக்களில் வெள்ளை அலிசமும் வெள்ளைப் பெட்டூனியாவும் பூச்சாடியில் எளிதாக வளரும். அலிசத்துக்குத் தேன் மணம் உண்டு. ஹைட்ரேஞ்சியா நம் புளிப்பு மண்ணில் தானாகவே நீலமாகப் பூக்கும், அந்த வெளிர்நீலம் அந்தியில் கடைசி வரை நின்று தெரியும்.

கொடி ஒன்று வைக்க இடமிருந்தால், நாற்றுமேடைக்காரர்கள் மூன்பிளவர் என்று சொல்லும் வெள்ளை இரவுக்கொடியை வையுங்கள். வற்றாளையின் (சர்க்கரைவள்ளியின்) இனம். விதை கல்லைப் போல் கடினமாக இருக்கும். ஓரத்தைச் சற்றுத் தேய்த்து ஓர் இரவு ஊறவைத்து ஊன்ற வேண்டும். அதன் அரும்பு குடையை முறுக்கி வைத்தது போல் நீண்டு நிற்கும். பொழுது சாயும் நேரத்தில் அந்த முறுக்கு மெல்ல நெகிழ்கிறது, நுனி ஒரு தடவை நடுங்குகிறது, பிறகு நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓரிரு நிமிடங்களில், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை வட்டமாக விரிந்துவிடுகிறது. ஒரு பூ விரிவதைக் கண்ணால் காணும் வாய்ப்பு மிகச் சில செடிகளிலேயே கிடைக்கும். உங்கள் அக்காவின் மகனுக்கு இதை ஒரு ஞாயிறு மாலை காட்டினால் அவன் தொலைக்காட்சியை மறந்துவிடுவான். விரிந்த பிறகு சற்று அசையாமல் இருங்கள். கட்டைவிரல் பருமனுள்ள சாம்பல் நிற அந்துப்பூச்சி ஒன்று வந்து, பூவில் உட்காராமல் பறந்தபடியே அதன் எதிரில் நின்று, தன் உடலை விட நீளமான உறிஞ்சு குழலை இறக்கித் தேனை எடுக்கும். இரவுப் பூக்கள் வெள்ளையாகவும் வாசனையாகவும் நீண்ட குழலோடும் இருப்பது இந்த விருந்தாளிக்காகத்தான். இதன் புழு வற்றாளை இலையைத் தின்று வளர்வது. உங்கள் மரக்கறிப் பாத்தியில் வற்றாளை இருந்து, வாலில் கொம்புள்ள பெரிய புழுக்களைக் கண்டால், மருந்து அடிக்காமல் நாலு இலையை விட்டுக்கொடுங்கள். கொடியைக் கம்பியில் கட்டி உங்கள் எல்லைக்குள் வைத்திருங்கள். தேயிலைச் செடிமேல் ஏற விடக்கூடாது.

இரவுராணியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாசனைக்குப் பாம்பு வரும் என்பது தாழை, மல்லிகை, பவளமல்லி எல்லாவற்றின் மீதும் நம் ஊர்களில் சொல்லப்படுவது. பாம்பு பூ வாசனையைத் தேடி வருவதில்லை. எலி, தவளை, பல்லி இருக்கும் இடத்துக்கும், மறைந்து படுக்க அடர்ந்த புதரும் இலைக்குப்பையும் உள்ள இடத்துக்குமே அது வருகிறது. எனினும் உங்கள் அயலவர்களின் அச்சத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். மலைப்பகுதித் தேயிலைக் காணிகளில் உதிர்ந்த இலையின் நிறத்திலேயே சுருண்டு படுக்கும் குழிவிரியன்கள் இருப்பது உண்மை. கொழுந்து பறித்த உங்கள் அம்மாவுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே செடிகளின் அடிக்கிளைகளை ஓரடி உயரத்துக்கு வெட்டி, கீழே தரை தெரியும்படி வையுங்கள். மிலாறுக் கட்டையும் (கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிகளும்) பழைய ஓடும் வாசலில் குவித்து வைக்க வேண்டாம். நாற்காலியிலிருந்து வாசற்படி வரை இரண்டடி அகலப் பாதை விட்டு, இருபுறமும் வெள்ளையடித்த கற்களை வரிசையாக வையுங்கள்; மங்கிய பார்வைக்கும் அந்த வரிசை வழிகாட்டும். செருப்பும் டோர்ச்சும் இல்லாமல் இறங்க வேண்டாம். எப்போதாவது கடிபட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், 1990 சுவசெரிய அம்புலன்சை அழைத்து உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மஸ்கெலியாப் பக்கம் சிறுத்தைகளும் தேயிலை மலை வழியே நடமாடுவதால், எல்லையோரச் செடிகளை இடுப்பளவுக்கு மேல் வளர விடாமல், இருட்டியபின் சிறுவனைத் தனியே வாசலில் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவுராணியை வேறு இரண்டு காரணங்களால் நான் உங்களுக்குப் பரிந்துரைக்கவில்லை. அதன் காய் நச்சு, வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. அதன் வாசனையும் அருகிலிருந்தால் தலைவலி தரும் அளவுக்குக் கடுமையானது. காடினியாவின் மென்மையான வாசனையை அது அடியோடு மூழ்கடித்துவிடும். மலைநாட்டுத் தெருவோரங்களில் எக்காளம் போல் தொங்கும் பெரிய வெள்ளைப் பூவையும், எவ்வளவு அழகாக இருந்தாலும், வைக்கவே வேண்டாம். அது ஊமத்தையின் உறவு, எல்லாப் பாகமும் நஞ்சு. அதைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தாலே கண்மணி விரிந்து பார்வை கலங்கும்.

மின்குமிழ் விடயத்தில் நீங்கள் கொஞ்சம் பிடிவாதமாக இருக்க வேண்டும். பலர் செடியில் இவ்வளவு கவனம் எடுத்துவிட்டு, இஸ்தோப்பில் கண் கூசும் வெள்ளை மின்குமிழை எரியவிட்டுத் தோட்டத்தை இல்லாமலாக்கிவிடுகிறார்கள். கண் இருளுக்கு முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் வேண்டும்; ஒரே ஒரு தடவை வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். மூன்று வொட் அளவிலான மஞ்சள் நிற மின்குமிழ் ஒன்றை முழங்கால் உயரத்தில், வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி மூடி போட்டு, பாதையோரத்தில் வையுங்கள். அது நடப்பதற்கு, உட்கார்ந்த பிறகு அதையும் அணைத்துவிடலாம். மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சிகளும் குறைவாகவே வரும். மின்மினிகள் ஒன்றையொன்று வெளிச்சத்தால்தான் அழைக்கின்றன, நம் விளக்கு அவற்றின் பேச்சை மறைத்துவிடுகிறது. வாசலை இருட்டாக வைத்திருந்தால், மழை விட்ட இரவுகளில் அவை வருவதற்கு இடமுண்டு. டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே மாத வெசாக் வரை எரியும் சிவனொளிபாதமலைப் படிக்கட்டு விளக்குகளும் வாசல் இருட்டாக இருந்தால்தான் மாலை போல் கோத்துத் தெரியும். அந்தத் திசையில் அலிசம் போன்ற குட்டைச் செடிகள் மட்டும் இருக்கட்டும்.

நம் நாட்டில் ஒவ்வொரு மாதமும் போயா விடுமுறை இருப்பது உங்களுக்குக் கிடைத்த வசதி. அன்று நீங்கள் பகல் முழுவதும் வீட்டில் இருப்பீர்கள், பொழுது சாயும் நேரத்திலேயே கிழக்கில் முழு நிலவும் எழும். வாசல் கிழக்கே திறந்திருந்தால் அந்த வெளிச்சம் வெள்ளைப் பூக்களின் மேல் நேராக விழும். நமது பழைய திணை மரபில் முல்லைக்கு மாலைப் பொழுதையும் மலைநிலமான குறிஞ்சிக்கு யாமத்தையும் உரியதாக வைத்தார்கள். மலையின் நேரம் நள்ளிரவு என்று கண்டவர்கள் மலையில் இரவைக் கழித்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

வேலையைத் தொடங்க ஏற்ற காலம் செப்டெம்பர் கடைசி. குழியை அப்போது வெட்டி ஆறவிட்டு, ஒக்டோபர், நவம்பர் மழையில் நட்டால் கன்று வேர்பிடித்துப் பனிக்காலத்தைத் தாங்கும். முதல் வருடத்தில் இரண்டு காடினியா, ஒரு கைப்பிடி அந்திமந்தாரை விதை, ஒரு மூன்பிளவர்க் கொடி, நாலு பூச்சாடி, இவ்வளவே போதும். அம்மாவின் நாற்காலிக்கு வலப்பக்கம், கைக்கு எட்டும் தூரத்தில், ஒரு குத்து எலுமிச்சம்புல்லும் ஒரு துளசியும் வையுங்கள். பூ இல்லாத இரவுகளில் ஓர் இலையைக் கசக்கி முகரலாம். பூச்சாடிகளின் அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கு நுளம்புக்கு அவ்வளவு தண்ணீரே போதும்.

கடைசியாக, யாரிடமாவது இரவில் மட்டும் பூக்கும் கடுபுல் செடி இருந்தால் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். அது கள்ளி இனம். இலை போலத் தட்டையாகத் தெரிவது உண்மையில் அதன் தண்டு. அரையடித் துண்டை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை ஐந்தாறு நாள் நிழலில் வைத்து, அடிப்பக்கம் எது என்று குறித்துக்கொண்டு, அந்தப் பக்கமே மண்ணுக்குள் போகும்படி மணலும் மக்கிய இலையும் கலந்த சாடியில் ஊன்றி, கூரையோர நிழலில் வையுங்கள். பூப்பதற்கு இரண்டு, மூன்று வருடம் ஆகும். அரும்பு கண்டபின் சாடியை இடம் மாற்றினால் உதிர்ந்துவிடும். முதலில் கீழ்நோக்கித் தொங்கும் அரும்பு, நாள் நெருங்கும்போது தூண்டில் முள்ளைப் போல் வளைந்து தலையை நிமிர்த்தும். ஒரு நாள் மாலை நீங்கள் வேலையிலிருந்து வரும்போது அதன் வெளியிதழ்கள் நுனியில் சற்று விலகி, நடுவில் வெள்ளை தெரிந்தால், அது அன்றிரவே பூக்கும். இருட்டியதும் விரியத் தொடங்கிப் பத்து மணியளவில் முழுதாக விரிந்துவிடும், விடிவதற்குள் வாடிவிடும். அன்று சமையலை நேரத்தோடு முடித்து, அம்மாவுக்கு ஒரு கம்பளியும் போர்த்தி, நாற்காலியை அந்தச் சாடியருகே இழுத்துப் போடுங்கள்.